மெர்க்கல் செல் புற்றுநோயும் ஓர் அயல் புரதமும்

மெர்க்கல் செல் கார்சினோமா என்னும் அரிய தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, கட்டி முழுவதும் அகற்றப்பட்டுவிட்டது என்று பரிசோதனை அறிக்கை கூறினாலும், அதன் பின் வரும் மூன்று ஆண்டுகள் நிம்மதியற்ற ஆண்டுகளாகவே கழிகின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரை மையமாகக் கொண்டு 618 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 40 விழுக்காட்டினர் என்றும், திரும்பிய நோயில் 95 விழுக்காடு முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே தலைகாட்டிவிட்டது என்றும் அதில் கணக்கிடப்பட்டிருந்தது. மக்கள் பெரிதும் அஞ்சும் தோல் புற்றுநோயான மெலனோமாவில் நோய் திரும்பும் விழுக்காடு ஏறத்தாழ 19தான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், மெர்க்கல் செல் புற்றுநோயின் கொடுமை விளங்கும். ஆகவே, யாருக்கு நோய் திரும்பும், எப்போது திரும்பும் என்பதை முன்கூட்டிக் காட்டக்கூடிய ஒரு குறிப்பானைத் தேடும் முயற்சி இந்நோயில் மிகுந்த அவசரத்துடன் நடந்துவந்திருக்கிறது. குறிப்பான் என்பது, உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்தறிய உதவும் ஒரு பொருள். அது பெரும்பாலும் திசுவிலோ இரத்தத்திலோ காணப்படும் ஒரு புரதமாக இருக்கும்.

ஃபிரீட்ரிக் மெர்க்கல் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் 1875இல், தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் நரம்பு முனைகளை ஒட்டி அமைந்திருந்த ஒருவகைச் செல்களை விவரித்தார். மெல்லிய தொடுகையை உணர உதவும் அச்செல்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1972இல், நோய்க்குறியியல் மருத்துவரான சிரில் டோக்கர், அதுவரை யாரும் தனித்து அடையாளம் காணாத ஒரு தோல் புற்றுநோயை ஐந்து நோயாளிகளிடம் கண்டு எழுதினார். அந்தக் கட்டியின் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, மெர்க்கல் செல்களுக்கே உரிய அடர்ந்த நுண்மணிகள் தென்பட்டன. அந்த ஒப்புமையிலிருந்தே இன்றைய பெயர் பிறந்தது. உண்மையில் இப்புற்றுநோய் மெர்க்கல் செல்லிலிருந்துதான் தோன்றுகிறதா என்பது இன்னமும் விவாதத்தில் இருக்கிறது.

முகம், கழுத்து, கை என்று வெயில் படும் இடங்களில், சிவப்பு அல்லது ஊதா நிறத்தில், வலியே இல்லாமல், சில வாரங்களில் வேகமாகப் பெரிதாகும் ஒரு சிறு முடிச்சாக இது தொடங்குகிறது. வலி இல்லாததாலும், கொழுப்புக் கட்டி போலவோ பூச்சிக்கடி போலவோ தோன்றுவதாலும், நோயாளி மட்டுமின்றி மருத்துவரும் இதைப் பெரிதாக எண்ணாமல் விட்டுவிடுவதுண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், வெளிர் நிறத் தோலினர், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்கள், எச்ஐவி தொற்றோ நாட்பட்ட இரத்தப் புற்றுநோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே வருகிற இந்நோய், கருமையான தோலுடைய மக்களிடம் இன்னும் அரிது; இந்தியாவில் இதைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளே. அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட் 2023 செப்டம்பர் 1 அன்று இந்நோயால் இறந்தபோதுதான் அந்நாட்டிலேயே பலர் இதன் பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டனர்.

ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை அலசியதில், நோய் கண்டறியப்படும்போது 65 விழுக்காட்டினருக்கு அது தோன்றிய இடத்திலேயே இருந்தது; 26 விழுக்காட்டினருக்கு நிணநீர்க் கணுக்களை எட்டியிருந்தது; 8 விழுக்காட்டினருக்குத் தொலைவுறுப்புகளுக்கும் பரவியிருந்தது. தோன்றிய இடத்திலேயே இருப்பதாகக் கருதப்பட்டவர்களுக்கும் காவல் கணு எனப்படும், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வந்துசேரும் கணுவை எடுத்துச் சோதித்தால், மூவரில் ஒருவருக்கு அங்கே புற்றுச் செல்கள் ஒளிந்திருப்பது தெரியவருகிறது. கைக்குத் தட்டுப்படாத, ஸ்கேனிலும் புலப்படாத நோய் இவ்வளவு பேரிடம் இருப்பதால்தான் அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சும் தரப்படுகிறது. அதன் பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதுமாகக் கண்காணிப்பு நீள்கிறது.

வெட்டியெடுத்த கட்டியின் மெல்லிய சீவலில் குறிப்பிட்ட புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறை நோய்க்குறியியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது. மெர்க்கல் செல் புற்றுநோயில் சைட்டோகெரட்டின் 20 என்ற புரதத்துக்குச் சாயமேற்றினால், செல்லின் கருவை ஒட்டினாற்போல் ஒரே ஓர் ஓரத்தில் பழுப்புப் புள்ளியாகத் திரண்டு நிற்கும் காட்சி, அனுபவமுள்ள கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். நுரையீரலிலிருந்து தோலுக்குப் பரவிய சிறுசெல் புற்றுநோயும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய இதே தோற்றம் தரும் என்பதால், அந்தப் புற்றுநோயில் பெரும்பாலும் காணப்படுகிற டிடிஎஃப்-1 என்ற புரதம் இங்கே இல்லை என்பதையும் மருத்துவர் உறுதி செய்துகொள்கிறார். இவையெல்லாம் நோய் இன்னதென்று சொல்லும் புரதங்கள். நோய் திரும்புமா என்ற கேள்விக்கு இவற்றால் விடை தர இயலாது.

அந்தக் கேள்விக்கும் திசுவிலேயே விடை தேடியவர்கள் உண்டு. பி63 என்ற புரதம் கட்டியின் செல்களில் காணப்பட்டவர்களுக்கு நோய் மோசமாகப் போயிற்று என்று 2007இல் இத்தாலிய ஆய்வாளர் குழு ஒன்று எழுதியது. பின்வந்த ஆய்வுகள் அதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. இதைவிட நம்பகமானதாக விளங்குவது, சிடி8 என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் தாங்கிய டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் கட்டியின் உட்புறத்துக்குள் எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்ற கணக்கு. கட்டியைச் சுற்றி வெளியே நின்றுவிடாமல் உள்ளே புகுந்து செல்களுக்கிடையே பரவியிருக்கும் டி-செல்கள், நோயாளியின் உடல் அப்புற்றுநோயை அடையாளம் கண்டு தாக்குகிறது என்பதற்குச் சான்று. அத்தகைய கட்டியை உடையவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்திருக்கிறார்கள் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் திசுவைக் கொண்டு சொல்லும் எந்த முன்கணிப்பும், நோய் கண்டறிந்த அன்றைய நிலையை மட்டும் காட்டி நின்றுவிடும். ஏழு மாதம் கழித்து ஒரு கணுவுக்குள் சில ஆயிரம் செல்கள் மெல்லப் பெருகத் தொடங்கியிருந்தால், முன்பே வெட்டியெடுத்துப் பதப்படுத்திய திசு அதை எப்படிச் சொல்லும்? மீண்டும் மீண்டும் அளக்கக்கூடிய ஒன்று வேண்டும். அதற்கு இரத்தமே ஏற்ற இடம்.

இரத்தத்தில் அளக்கும் புற்றுநோய்க் குறிப்பான்கள் பலவும் தோல்வியடைவதற்கு ஒரே ஒரு அடிப்படைக் காரணம் இருக்கிறது. அவை புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமான பொருள்கள் அல்ல. மெர்க்கல் செல் புற்றுநோய், நரம்பு மற்றும் ஹார்மோன் செல்களின் இயல்புகளைக் கொண்டது என்பதால், அவ்வகைக் கட்டிகளில் பயன்படும் குரோமோகிரானின் ஏ, நியூரான் சார்ந்த எனோலேஸ் ஆகிய இரு புரதங்களை இதிலும் சோதித்துப் பார்த்தார்கள். குரோமோகிரானின் ஏ, வயிற்றெரிச்சலுக்காக நம் வீடுகளில் சாதாரணமாக விழுங்கும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டாலே இரத்தத்தில் உயர்ந்துவிடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் உயரும். நியூரான் சார்ந்த எனோலேஸோ, பெயருக்கு நரம்புச் செல்லுக்கு உரியதாயினும், சிவப்பணுக்களிலும் தட்டணுக்களிலும் ஏராளமாக இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போதோ எடுத்துச் செல்லும்போதோ சில சிவப்பணுக்கள் உடைந்தால் போதும், அளவு பொய்யாக ஏறிவிடும். முதியவர்களுக்கே பெரும்பாலும் வருகிற ஒரு நோயில், பல மாத்திரைகள் உண்ணும் முதியவர்களின் இரத்தத்தில் இப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு, புற்று திரும்பிவிட்டது என்றோ திரும்பவில்லை என்றோ யார் துணிந்து சொல்ல முடியும்?

குறிப்பான் ஒன்று பயன்பட வேண்டுமானால், புற்று இல்லாதபோது அது உடலில் அறவே இல்லாமல் இருக்க வேண்டும்; இருக்கும்போது தவறாமல் இருக்க வேண்டும். புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் அகற்றியவருக்கு பிஎஸ்ஏ என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை அவ்வளவு துல்லியமாகப் பயன்படுவதற்குக் காரணம், அதைச் சுரக்கும் உறுப்பே அவர் உடலில் இல்லாமற்போவதுதான். தோலில் தோன்றும் புற்றுநோய்க்கு அத்தகைய வசதி கிடையாது. தோலை யாரும் முழுவதும் அகற்ற முடியாது. மெர்க்கல் செல் புற்றுநோயில் இந்த இக்கட்டுக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வழி பிறந்தது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதியினர், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமாவுக்குக் காரணமான வைரஸை 1994இல் கண்டறிந்து புகழ்பெற்றவர்கள். நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு மெர்க்கல் செல் புற்றுநோய் மிகுதியாக வருவதைக் கண்ட அவர்கள், இதன் பின்னாலும் ஒரு கிருமி இருக்கலாம் என்று ஐயுற்றார்கள். கட்டியின் செல்களில் செயற்பட்டுக்கொண்டிருந்த மரபணுக்களின் கிட்டத்தட்ட 4 லட்சம் வரிசைகளைப் படித்தெடுத்து, மனித மரபணுத் தொகுப்பில் இருப்பவை அத்தனையையும் கணினியால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது, எதிலும் அடங்காமல் எஞ்சியவற்றுள் ஒரே ஒரு வரிசை, விலங்குகளில் அறியப்பட்டிருந்த பாலியோமா வைரஸ் குடும்பத்தோடு ஒத்துப்போயிற்று. மனிதரின் 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் வெறும் 5,400 எழுத்துகளே கொண்ட வட்டவடிவ டிஎன்ஏ உடைய ஒரு சிறு வைரஸ் அது. சோதித்த 10 கட்டிகளில் 8 கட்டிகளில் அது இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அது புற்றுச் செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே தைக்கப்பட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2008 தொடக்கத்தில் ஸயன்ஸ் இதழில் வெளியான இக்கண்டுபிடிப்பு, அதுவரை வெயிலை மட்டுமே குற்றம்சாட்டி வந்த மருத்துவ உலகின் பார்வையை மாற்றியது.

இந்த மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ் அரியதன்று. வளர்ந்த மனிதரில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே எந்த அறிகுறியும் இன்றி இதன் தொற்றுக்கு ஆளானவர்கள். அவர்களின் தோலில் அது வாழ்நாள் முழுவதும் அமைதியாகத் தங்கியிருக்கிறது. வைரஸின் வெளியுறைப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், அதாவது அயலானைப் பற்றிப்பிடிக்க இரத்தத்தில் மிதக்கும் காவற்புரதம், அவர்கள் இரத்தத்தில் காணப்படும். ஆகவே உறைப் புரதத்துக்கான எதிர்ப்பொருளை அளப்பதால் பயனேதும் இல்லை. அது தொற்று என்றோ ஏற்பட்டது என்று சொல்லும், புற்று இருக்கிறது என்று சொல்லாது.

கோடிக்கணக்கானவரில் அரிதாக ஒருவரிடம் இரண்டு விபத்துகள் அடுத்தடுத்து நேர்கின்றன. வைரஸின் டிஎன்ஏ துண்டு செல்லின் குரோமோசோமுக்குள் நுழைந்து நிலைத்துவிடுவது ஒன்று. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் பெரிய டி-ஆன்டிஜன் என்ற புரதம், மரபணு மாற்றத்தால் பாதியில் துண்டிக்கப்பட்டுவிடுவது மற்றொன்று. துண்டிக்கப்பட்ட அப்புரதத்தால் வைரஸைப் பெருக்க இயலாது. ஆனால் செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் கடிவாளமாகிய ஆர்பி என்னும் புரதத்தைப் பற்றி முடக்கும் பகுதி மட்டும் அதில் சேதமின்றி எஞ்சுகிறது. இதனுடன் சிறிய டி-ஆன்டிஜன் என்ற துணைப்புரதமும் சேர்ந்துகொள்ள, செல் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் வளர்த்த மெர்க்கல் புற்றுச் செல்களில் இப்புரதங்களின் உற்பத்தியை நிறுத்தியபோது அவற்றின் வளர்ச்சி நின்று செல்களே மடிந்தன. குறிப்பானைத் தேடுவோருக்கு இதைவிட நற்செய்தி இருக்க முடியாது. பல புற்றுநோய்கள் தம் அடையாளப் புரதங்களைக் காலப்போக்கில் உதறிவிட்டு மறைந்து வளரக்கூடியவை. இந்தப் புற்றோ உயிர்வாழ்வதற்கே அந்த அயல் புரதத்தை நம்பியிருக்கிறது. திரும்பி வரும்போதும் அதைச் சுமந்துகொண்டுதான் வர வேண்டும்.

அந்த டி-ஆன்டிஜனை இரத்தத்தில் நேரடியாகத் தேடுவது வீண். அது செல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் புரதம். சிதைந்த செல்களிலிருந்து வெளியே சிந்தும் அளவு மிகச் சொற்பம். ஆனால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அந்தச் சொற்பமே போதும். அந்த அயல் புரதத்தைக் கண்ட பி-செல்கள் பெருகி, அதற்கெதிரான எதிர்ப்பொருளைப் பல மடங்கு உற்பத்தி செய்து இரத்தத்தில் நிரப்புகின்றன. கருவியால் எட்ட முடியாத அளவை உடலே பெருக்கிக் காட்டுகிறது. இந்த எதிர்ப்பொருள் புற்றை அழிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செல்லுக்குள் இருக்கும் புரதத்தை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. ஆகையால் அது கூடினால் உடல் நன்றாகப் போராடுகிறது என்று பொருள்கொள்வது தவறு. கூடுகிற எதிர்ப்பொருள், கூடுகிற கட்டிக்கு அறிகுறி.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர் பால் நியெம், ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தின் வைரஸ் ஆய்வாளர் டெனிஸ் காலவே, அவர்களோடு பணியாற்றிய கெல்லி பால்சன் ஆகியோர் அடங்கிய குழு, டி-ஆன்டிஜனுக்கு எதிரான எதிர்ப்பொருள் மெர்க்கல் செல் புற்றுநோயாளிகளில் 40.5 விழுக்காட்டினரிடமும், நோயற்றவர்களில் 0.9 விழுக்காட்டினரிடமும் இருப்பதாக 2010இல் அறிவித்தது. உறைப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் இருக்க, இது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை என்ற வேறுபாட்டில்தான் இந்தப் பரிசோதனையின் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிலரிடம் நோய் திரும்புவதற்குச் சற்று முன்பே அளவு ஏறத் தொடங்கியதையும், சிகிச்சை பலித்தவர்களிடம் அது இறங்கிக்கொண்டே போனதையும் அக்குழு அப்போதே கவனித்தது.

பரிசோதனை நடக்கும் விதம் எளிமையானது. கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறிய, ஒளிரும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் மணிகளின் மேல், ஆய்வகத்தில் தயாரித்த டி-ஆன்டிஜன் புரதத்தைப் பூசி, அவற்றை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் கலக்கிறார்கள். தெளிநீரில் உரிய எதிர்ப்பொருள் இருந்தால் அது மணியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர், மனித எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்ளும் இன்னொரு ஒளிரும் பொருளைச் சேர்த்து, மணிகளை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னே ஓடவிட்டால், ஒளிர்வின் அளவிலிருந்து எதிர்ப்பொருளின் அளவு தெரிந்துவிடும். பெரிய, சிறிய டி-ஆன்டிஜன் இரண்டுக்கும் பொதுவான முன்பகுதியையே பெரும்பாலான நோயாளிகளின் எதிர்ப்பொருள் அடையாளம் காண்கிறது; பெரிய புரதம் ஒவ்வொரு கட்டியிலும் ஒவ்வோர் இடத்தில் அறுபட்டிருந்தாலும் முன்பகுதி எல்லாக் கட்டியிலும் ஒன்றே என்பதால், ஆளுக்கு ஆள் தனித்தனியே பரிசோதனையை வடிவமைக்க வேண்டியதில்லை.

நோய் கண்டறிந்த மூன்று மாதங்களுக்குள் முதல் இரத்தம் எடுக்கப்படுகிறது. அதில் எதிர்ப்பொருள் இருந்தால், பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளக்கிறார்கள். எதிர்ப்பொருளின் அளவு மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும் இயல்புடையது. கட்டி முற்றாக நீங்கி, பி-செல்களைத் தூண்டிவிட எதுவும் எஞ்சவில்லை என்றால், அடுத்தடுத்த அளவுகள் படிப்படியாக இறங்கி, பலருக்கு இல்லை என்ற நிலையையே எட்டிவிடும். இறங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று மேலே திரும்பினால் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை அளந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை; முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பொருள்.

புதிதாக நோய் கண்டறியப்பட்ட 219 பேரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு தொடர்ந்து கவனித்த இதே குழுவின் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவர்களில் 52 விழுக்காட்டினருக்குத் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. அளவு ஏறியவர்களில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது கண்டறியப்பட்டது. அளவு இறங்கியவர்களில் 97 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை. இவ்விரு எண்களும் ஒரே பரிசோதனையின் இரு முகங்களாயினும், நோயாளி இவற்றை ஒரே எடையில் வைத்துப் பார்க்கக் கூடாது. இறங்குகிற அளவு தரும் ஆறுதல் மிக உறுதியானது. நூற்றுக்கு மூவரே அதை நம்பி ஏமாறக்கூடும். ஏறுகிற அளவோ மூவரில் ஒருவருக்குப் பொய்யான அச்சத்தைத் தருகிறது. ஏறியிருக்கிறது என்ற தாளைக் கையில் வாங்கும் எழுபது வயது முதியவரிடம், இது தீர்ப்பு அல்ல, தேடிப் பார்க்கச் சொல்லும் அழைப்பு என்று நிதானமாக எடுத்துச் சொல்ல நேரம் ஒதுக்காத மருத்துவர், பரிசோதனையின் பாதிப் பயனை வீணாக்குகிறார். இறங்குகிற அளவின் நன்மை ஆரவாரமில்லாதது என்றாலும் பெரிது: அத்தகைய நோயாளிக்கு அடிக்கடி எடுக்கும் பெட்-சிடி ஸ்கேன்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், கதிர்வீச்சும் செலவும் அவற்றோடு வரும் காத்திருப்பின் வேதனையும் அந்த அளவுக்குக் குறையும்.

தொடக்கத்திலேயே எதிர்ப்பொருள் இல்லாதவர்களைப் பற்றியும் அந்த ஆய்வு ஒன்றைச் சொன்னது. அவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம், எதிர்ப்பொருள் உள்ளவர்களைவிட 42 விழுக்காடு அதிகம். இவர்களில் ஒரு சாராரின் கட்டிக்கு வைரஸே காரணமன்று. பல்லாண்டு வெயிலின் புறஊதாக் கதிர் உண்டாக்கிய எண்ணற்ற மரபணு மாற்றங்களால் பிறந்த கட்டி அது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மெர்க்கல் கட்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றொரு சாராருக்குக் கட்டியில் வைரஸ் இருந்தும் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்காக பி-செல்களை ஒழிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தைப் பெற்றவர்களிடம் எதிர்ப்பொருள் உற்பத்தியே தடைப்பட்டிருக்கும் என்பதால், அவர்களிடம் இந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே, எதிர்ப்பொருள் இல்லை என்ற முடிவு நல்ல செய்தியன்று; இன்னும் நெருக்கமாக ஸ்கேன் மூலம் கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பரிசோதனையில் இல்லை என்று வந்தால் மகிழ்ந்து பழகிய மனங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

முன்கூட்டி அறிவதால் நோயாளியின் ஆயுள் கூடுமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. சூலகப் புற்றுநோயில் சிஏ-125 என்ற இரத்தக் குறிப்பானை வைத்து, கார்டன் ரஸ்டின் தலைமையில் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. குறிப்பான் ஏறியதுமே வேதிச்சிகிச்சை தொடங்கியவர்களும், அறிகுறி தோன்றும்வரை காத்திருந்து தொடங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் உயிர்வாழ்ந்தார்கள். முன்னதாகத் தொடங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்பே மருந்தின் துன்பத்தைச் சுமக்கத் தொடங்கியதே மிச்சம். முன்னறிவிப்பின் மதிப்பு, அதன் பின் கொடுக்க என்ன சிகிச்சை இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை அந்த ஆய்வு கசப்பாகக் கற்றுத்தந்தது.

மெர்க்கல் செல் புற்றுநோயின் நிலையும் 2010இல் அப்படித்தான் இருந்தது. வேதிச்சிகிச்சைக்குக் கட்டி சுருங்கும். ஆனால் சில மாதங்களிலேயே மறுபடி வளர்ந்துவிடும். டி-செல்களைத் தடுத்து நிறுத்தும் பிடி-1 என்ற தடையின் செயலை முடக்கும் மருந்துகள் வந்தபின் நிலைமை வேறாயிற்று. அவெலுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது; அதுவே இந்நோய்க்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மருந்து. பெம்புரோலிசுமாப் 2018 டிசம்பரிலும், ரெட்டிஃபான்லிமாப் 2023 மார்ச்சிலும் தொடர்ந்தன. பெம்புரோலிசுமாபை முதல் மருந்தாகப் பெற்ற 50 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பலருக்கு அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. ஒரே ஒரு கணுவில் மட்டும் நோய் திரும்பியிருக்கையில் கண்டுபிடித்தால் அறுவையோ கதிர்வீச்சோ கூடக் கைகொடுக்கும். எனவே சூலகப் புற்றுநோயில் கிடைத்த ஏமாற்றம் இங்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. எனினும், சிஏ-125க்கு நடந்ததுபோல் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்தும் ஆய்வு மட்டுமே இதை ஐயமின்றி நிறுவும். ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வருகிற நோயில் அத்தகைய ஆய்வுக்குப் போதிய ஆட்களைச் சேர்ப்பது எளிதன்று என்பதே அரிய நோய்களின் தீராத சோகம்.

எதிர்ப்பொருள் இல்லாத மீதிப் பாதிப் பேருக்கு, புரதத்தை விட்டுவிட்டு டிஎன்ஏவின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. சிதையும் புற்றுச் செல்கள் தம் டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக இரத்தத்தில் விடுகின்றன. நோயாளியின் கட்டியை முதலில் முழுவதும் படித்து, அதற்கே உரிய மரபணு மாற்றங்கள் சிலவற்றைத் தேர்ந்துகொண்டு, அவற்றைத் தாங்கிய துண்டுகள் இரத்தத்தில் தென்படுகின்றனவா என்று தேடும் பரிசோதனையை, அமெரிக்காவின் பல மையங்களைச் சேர்ந்த 319 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. கட்டி இருந்தவர்களில் 95 விழுக்காட்டினரிடம் அது புற்றின் டிஎன்ஏவைக் கண்டுகொண்டது. வைரஸால் வந்த கட்டி, வெயிலால் வந்த கட்டி என்ற வேறுபாடு அதற்கு இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிசோதனையை வடிவமைக்க வேண்டியிருப்பதால் செலவு கூடுதல். எதிர்ப்பொருள் பரிசோதனை அந்த வகையில் எளியதாகவே இருக்கிறது.

இவ்விரண்டு பரிசோதனைகளும் நோயின் தொடக்க நாட்களையே சார்ந்து நிற்கின்றன. அறுவை சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு கழித்து முதன்முறையாக எதிர்ப்பொருளை அளந்து, இல்லை என்று வந்தால், அது கட்டி நீங்கி அளவு இறங்கிப்போனதாலா, தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பொருள் இல்லாததாலா என்று பிரித்தறிய வழியில்லை. முன்னது பெரும் ஆறுதல், பின்னதோ கூடுதல் அபாயத்தின் அடையாளம். டிஎன்ஏ பரிசோதனைக்கும் முதலில் வெட்டியெடுத்த கட்டி பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்நோயைக் கையாளும் மையங்கள், பயாப்சி முடிவு வந்த உடனேயே, அறுவை சிகிச்சையின் பரபரப்புக்கு நடுவிலும், ஒரு குழாய் இரத்தத்தை எடுத்து அனுப்பிவிடுமாறும், கட்டியின் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையை ஆய்வகத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறும் மருத்துவர்களை வற்புறுத்துகின்றன.